ஜொகூர்த் தமிழர் வரலாறு – 14: தெப்ராவுக்கு எட்டிய வானொலி

மலாயாவின் வானொலி வரலாறு ஜொகூரில்தான் தொடங்குகிறது. 1921இல் ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்த ஏ. எல். பர்ச் நாட்டின் முதல் வானொலிக் கருவியை இங்கே கொண்டுவந்தார். ஆர்வலர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஜொகூர் வானொலிச் சங்கத்தை அமைத்து, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பவும் செய்தார். இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 1000 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலைப் பட்டையின் நடுப்பகுதியில் வரும் இடம். ஜொகூரைப் பார்த்துப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சங்கங்கள் தோன்றின. கோலாலம்பூர்ச் சங்கம் பிறகு பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டரில் ஒலிபரப்பியது.

இவையெல்லாம் பொழுதுபோக்குச் சங்கங்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். கருவியை வாங்கவும் பழுதுபார்க்கவும் வசதி இருந்தவர்களுக்கே அது எட்டியது. ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே தெப்ராவ் ஆற்றை ஒட்டிய தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

தெப்ராவ் அதற்கு முன்பே பழைய ஊர். 1844இல் தான் கீ சூன் என்ற சீனத் தலைவர் ஆற்றங்கரையில் குடியேற்றம் அமைத்து, மிளகும் காம்பியரும் பயிரிடத் தொடங்கினார். கங்கார் தெப்ராவ் என்ற பெயர் அந்தக் குடியேற்றத்தின் நினைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காம்பியர் மங்கி ரப்பர் வந்தது. ரப்பரோடு கங்காணிகளும் அவர்கள் அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்களும் வந்தார்கள். மவுண்ட் ஆஸ்டின், தெப்ராவ், உலு திராம் எனத் தோட்டங்கள் வரிசையாகப் பரவின. லயத்து வீடு, காலைப் பெரட்டு, ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில் என்று அமைந்த அந்த உலகில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கோலாட்டம் எல்லாம் ஊரிலிருந்தே கப்பலேறி வந்தவை. கப்பலேறிய துயரத்தையும் கங்காணியின் கெடுபிடியையும் பாடும் புதுப் பாட்டுகள் இங்கேயே முளைத்தன. காற்றில் வந்த தமிழுக்கும் இந்தத் தோட்டப் பாட்டுக்கும் எந்த அளவுக்கு உறவு இருந்தது என்பதுதான் இப்பகுதியின் மையக் கேள்வி.

அமெரிக்காவில் ஏறக்குறைய அதே காலத்தில் நடந்ததை அருகில் வைத்துப் பார்த்தால் கேள்வி தெளிவாகும். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1925 அக்டோபரில் டபிள்யூஎஸ்எம் என்ற நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். அதே ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி அந்த நிலையம் உழவர்கள் கேட்டுப் பழகிய பிடில் இசையை ஒலிபரப்பியது. அந்த நிகழ்ச்சிதான் வளர்ந்து ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ ஆகி, ‘கன்ட்ரி மியூசிக்’ என்ற நாட்டுப்புற இசையையே ஒரு பெருந்தொழிலாக்கியது. கிராமத்து வீடுகளில் காப்பீடு விற்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நோக்கம். கிராமத்தானின் பாட்டைப் போட்டால் கிராமத்தான் கேட்பான், முகவர் கதவைத் தட்டும்போது பெயர் தெரிந்திருக்கும் என்பது கணக்கு. அதாவது பாட்டுக்குச் சொந்தக்காரனே வாடிக்கையாளனாகவும் இருந்தான்.

மலாயாவில் இந்தக் கணக்குக்கு இடமே இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளியைத் தேடி வந்து விற்க வேண்டிய பொருள் எதுவும் நிறுவனங்களிடம் இல்லை. தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாங்கியதே சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே வானொலி தமிழனைத் தேடி வந்தபோது வணிகனாக வரவில்லை. அரசாங்கமாக வந்தது.

1937 மார்ச்சில் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் என்ற தனியார் அமைப்பின் நிலையத்தை ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் திறந்துவைத்தார். குன்றிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர்; தெப்ராவுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் கூடும். கோலாலம்பூரோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில். ஜொகூரின் தென்பகுதி எந்த நாட்டில் இருந்தாலும் எந்த வானொலியைக் கேட்கும் என்பதை இந்தத் தூரமே தீர்மானித்துவிட்டது. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஆட்களையும் சரக்கையும் கடத்தியது. அலைகளுக்குப் பாலமும் தேவைப்படவில்லை.

தனியார் கழகம் நீடிக்கவில்லை. போர் மேகம் சூழ்ந்ததும் 1940இல் அரசு அதை எடுத்துக்கொண்டு மலாயா ஒலிபரப்புக் கழகமாக்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் இருந்த நிலையங்களையே தங்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். சிற்றலை கேட்பது குற்றமானது. கருவிகள் பதிவு செய்யப்பட்டு, வெளிநாட்டு நிலையங்கள் கிடைக்காதபடி மாற்றப்பட்டன. தமிழர்களைப் பொறுத்தவரை இந்தக் காலத்து வானொலிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகு, இந்திய விடுதலை இயக்கத்தின் ஒலிபரப்பு தமிழிலும் ஒலித்தது. அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. தோட்டங்களிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் அந்த இயக்கத்தின் படையில் சேர்ந்தார்கள். அதே தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதை எந்த வானொலியும் சொல்லவில்லை.

போருக்குப் பின் 1946 ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒலிபரப்புத் துறை அமைந்தது. ரேடியோ மலாயா என்று மக்கள் அறிந்தது இதைத்தான். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் நிகழ்ச்சிகள். மலேசியா, சிங்கப்பூர் இரண்டின் இன்றைய தமிழ் ஒலிபரப்புகளும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

தோட்டத்துக்குள் வானொலியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1948 ஜூனில் தொடங்கிய அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் செய்தியும் போகும் வழிகளை அடைக்க 1950 முதல் பிரிக்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காட்டோரச் சீனக் குடியிருப்புகள் புதுக் கிராமங்களாக முள்வேலிக்குள் வந்தன. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன. கிளர்ச்சி கடைசிவரை கடுமையாக நீடித்த மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. பிபிசியிலிருந்து வந்த ஹியூ கார்ல்டன் கிரீன் அவசரகாலத் தகவல் சேவைக்குத் தலைமை ஏற்றார். பத்திரிகையாளர் அலெக்ஸ் ஜோசி வானொலிப் பிரசாரத்தைக் கவனித்தார். ஆளுக்கொரு பெட்டி வாங்க முடியாத மக்களுக்குச் சமூக வானொலிப் பெட்டிகளைக் கொடுப்பது என்று முடிவானது.

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்தது என்று கவனிக்கத் தகும். பல லயங்களுக்கு மின்சாரம் கிடையாது. ஆகவே பேட்டரியில் ஓடும் வால்வு வானொலி. அது பொது இடத்தில், பொறுப்பான ஒருவரின் கண்காணிப்பில் இருக்கும். இரண்டு கம்பங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய செம்புக் கம்பிதான் அலைவாங்கி. பேட்டரி இறங்க இறங்கக் குரலும் இறங்கும். புதியது வரும்வரை பெட்டி ஊமைதான். எந்த நேரம் போடுவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கேட்பவர்கள் தீர்மானிக்க முடியாது. சாயங்காலம் தமிழ் நேரம் வந்ததும் கூட்டம் கூடும். செய்தி, சரணடைந்தவர்களின் வாக்குமூலம், சுகாதார அறிவுரை, இவற்றுக்கு நடுவே பாட்டு, நாடகம். அரசு செய்திக்காக வைத்த பெட்டியை மக்கள் பாட்டுக்காகக் கேட்டார்கள். வானொலியைக் காசு கொடுத்து வாங்கும் ஆசை தோட்டங்களில் பிறந்தது இந்தப் பொதுப் பெட்டியின் முன்னால்தான் என்று சொல்லலாம்.

1950களின் பிற்பகுதியில் டிரான்சிஸ்டர் வந்தது. கம்பம் வேண்டாம், பெரிய பேட்டரி வேண்டாம். ஆண்டு உரிமக் கட்டணம் மட்டும் தொடர்ந்தது. பொதுப் பெட்டியின் காலம் முடிந்து ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் குரல் கேட்கத் தொடங்கியபோது, எதைக் கேட்பது என்ற தேர்வும் முதன்முறையாகக் கேட்பவர் கைக்கு வந்தது.

அந்தத் தேர்வு கடல் கடந்தும் போனது. மத்திய அலை பகலில் தரையை ஒட்டிச் சென்று அருகிலுள்ள ஊர்களோடு நின்றுவிடும். இருட்டியபின் மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் போகும். சிற்றலைக்கு இரவு பகல் பாராமல் அந்த வல்லமை உண்டு. தென்கிழக்காசியாவை நோக்கி அகில இந்திய வானொலி தமிழில் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளும், இலங்கை வானொலியும் மலாயாவில் கேட்டன. போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவிய சக்திமிக்க சிற்றலைக் கருவிகள் பின்னர் ரேடியோ சிலோனின் கைக்கு வந்திருந்தன. 1952இல் இந்தியத் தகவல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து விரட்டிய ஆண்டுகளில், கொழும்புதான் அதற்குப் புகலிடம் கொடுத்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கும்வரை இந்த நிலை நீடித்தது. கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் பேசிய பாணி, தமிழ் வானொலி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பின்பற்றப்பட்டது. மலாயா அறிவிப்பாளர்களும் அதற்கு விலக்கல்லர்.

அரசியல் பிரிந்தபோது வானொலியும் பிரிந்தது. 1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1959 தொடக்கத்தில் ரேடியோ மலாயா கோலாலம்பூரில் தனித்து இயங்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் எஞ்சியது ரேடியோ சிங்கப்பூரா. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானபோது இரண்டும் மீண்டும் ஒரு குடைக்குள் வந்தன. 1965 ஆகஸ்ட் 9இல் அதுவும் முடிந்தது. எல்லையில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. தெப்ராவின் வானொலிப் பெட்டியில் ஊசி நின்ற இடம் மட்டும் மாறவில்லை. கோலாலம்பூர்த் தமிழ் ஒலிபரப்பு நாட்டுச் செய்திக்கு, சிங்கப்பூர்த் தமிழ் ஒலிபரப்பு நாடகத்துக்கும் பாட்டுக்கும் என்று ஒரே வீட்டில் இரண்டும் ஒலித்தன.

அந்த ஆண்டுகளில் சிங்கப்பூர் வானொலியின் தமிழ்ப் பகுதிக்கு எழுதியவர்களில் ஒருவர் ஜொகூர்க்காரர். 1932இல் ஜொகூர் பாருவில் பிறந்த பி. கிருஷ்ணன், புதுமைதாசன் என்ற புனைபெயரில் கதைகள் எழுதியவர். சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றியபடி ஏராளமான நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரையும் வானொலித் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆனால் நேயர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ தொடருக்காகத்தான். கம்பத்து வீட்டை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பங்களின் சங்கடங்களை, அதிகம் பேசும் ஒரு நடுத்தர வயது மனிதரை வைத்துச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தொடர் அது. நாடகத்தில் வந்தது சிங்கப்பூர் வாழ்க்கை. பேச்சோ தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான தமிழ், மலாய்ச் சொல் கலந்த அன்றாடத் தமிழ். மேடைத் தமிழிலிருந்து வானொலி நாடகம் இறங்கி வந்தது இத்தகைய தொடர்களில்தான். பின்னாளில் தொடர் நூலாகவும் வந்தது. 2008இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் கிருஷ்ணனுக்கு வழங்கப்பட்டது.

நாடகத்தில் இப்படி இந்த மண்ணின் வாழ்க்கை இடம் பிடித்தது. பாட்டில் பிடிக்கவில்லை. மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் ஒலிபரப்பின் இசை நேரம் பெரும்பாலும் சென்னையிலிருந்து தட்டாக வந்தது: சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, கொஞ்சம் கருநாடக இசை. உள்ளூர்ப் பாடகர்கள் பாடினார்கள். அவர்களும் நிலையத்து இசைக்குழுவோடு மெல்லிசையே பாடினார்கள். லயத்துக் கிழவியின் ஒப்பாரிக்கோ பால்மரக்காட்டுப் பாட்டுக்கோ நிலையான நேரம் அமையவில்லை.

இதற்குக் காரணங்கள் சில. முதலாவது கருவி. ஒலிநாடா பரவுவதற்கு முன் வெளிப்புறப் பதிவு என்றால் ஒரு வண்டி நிறையச் சாமான்கள் போக வேண்டும். இரண்டாவது, தோட்டப் பாட்டின் பொருள். கங்காணியையும் துரையையும் ஏசும் பாட்டை அவசரகால அரசின் நிலையம் எப்படிப் போடும்? மூன்றாவது காரணம் தமிழர்களிடமே இருந்தது. அதன் பங்கு மற்ற இரண்டையும்விடப் பெரியது எனலாம். 1950களின் மறுமலர்ச்சி உணர்வு செந்தமிழையும் மேடைப்பேச்சையும் உயர்த்திப் பிடித்தது. தோட்டத்துக் கொச்சையையும் அதில் பிறந்த பாட்டையும் மறைக்க வேண்டிய அடையாளமாகப் பார்த்தது. படித்த பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடக் கூச்சப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கின. கிராமத்துக்கென்று நிகழ்ச்சி, கிராமிய இசைக்கென்று தேர்வு, தேர்வானவருக்குச் சம்பளம் என்று அகில இந்திய வானொலியில் ஒரு வழி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிப் பெயர் பெற்று, 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் நடித்ததும் அந்த வழியில் வந்ததுதான். தெப்ராவ் தோட்டத்தில் அவருக்கு நிகரான ஒரு குரல் இருந்திருந்தால், அது கோயில் திருவிழாவோடு நின்றிருக்கும். தமிழக நாட்டுப்புறப் பாட்டு ஒலிநாடாவிலும் திரைப்படத்திலும் ஏறி மலேசிய வானொலிக்கு வந்துசேர்ந்த பிறகுதான், அந்தச் சாயல் பாட்டுகள் இங்கே கௌரவமாக ஒலித்தன. தோட்டத் தமிழன் தன் பாட்டியின் பாட்டைச் சென்னை முத்திரையோடு திரும்பப் பெற வேண்டியிருந்தது.

1969இல் வானொலியும் தொலைக்காட்சியும் இணைந்து ஆர்டிஎம் ஆயின. அங்காசாபுரியிலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பு பின்னர் வானொலி 6 என்றும், 2005 முதல் மின்னல் எஃப்எம் என்றும் பெயர் மாறியது. சிங்கப்பூரில் 1980இல் ஒலிபரப்புக் கழகம் அமைந்தது. அதன் தமிழ் அலைவரிசை முதலில் ரேடியோ 4, பிறகு ஒலி 96.8. இடையில் இரு பக்கமும் மத்திய அலையிலிருந்து பண்பலைக்கு மாறின. பண்பலை வளைந்து போகாது. கோபுரத்தின் உச்சிக்குக் கண்ணுக்கெட்டும் தூரம்தான் அதன் எல்லை. அதனால் மலை முக்கியமானது. ஜொகூரின் தென்பகுதிக்கு 654 மீட்டர் உயரமுள்ள புலாய் மலை கிடைத்தது. அந்த உயரத்திலிருந்து கணக்குப்படி நூறு கிலோமீட்டர் வரை அலை போகும். சிங்கப்பூருக்குக் கிடைத்தது புக்கிட் பாத்தோக் குன்று. இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கும் தூரத்தில் இருப்பதால் அலைவரிசைகள் மோதிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சிங்கப்பூர், மலேசியா, புருணை மூன்றும் கூட்டுக்குழு வைத்து ஒதுக்கீட்டைப் பேசித் தீர்க்கின்றன. தெப்ராவில் ஒரு வானொலிப் பெட்டியைத் திருப்பினால் இரண்டு நாட்டு நிலையங்கள் நெருக்கமாக வரிசையில் நிற்பது இதனால்தான்.

தனியார் வானொலியிலும் ஜொகூர் முந்திக்கொண்டது. 1988இல் சுவாரா ஜொகூர் நிறுவனம் பெஸ்ட் 104 என்ற நிலையத்தை ஜொகூர் பாருவில் தொடங்கியது. மலேசியாவின் முதல் தனியார் வானொலி அது. 104.1 மெகாஹெர்ட்ஸில் மலாய்ப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் ஒலித்தன. நாஷ்வில்லின் கணக்கு கடைசியில் ஜொகூருக்கும் வந்தது: கேட்பவன் வாங்குவான் என்று நம்பும் விளம்பரதாரர் இருந்தால் நிலையம் பிழைக்கும். தமிழுக்கு அந்தக் கணக்கு ஜொகூர் அளவில் கட்டுப்படியாகவில்லை. நாடளாவிய அளவில்தான் பலித்தது. நெடுஞ்சாலைப் பயணிகளை நம்பி 1990களில் தொடங்கிய டைம் ஹைவே ரேடியோ, 2000களின் நடுவில் ஆஸ்ட்ரோவின் கைக்குப் போன பிறகு முழுநேரத் தமிழ் நிலையமாக டிஎச்ஆர் ராகா பிறந்தது. இன்று அது ராகா என்று மட்டும் அழைக்கப்படுகிறது. அரசாங்கம் அல்லாத ஒருவர், தமிழ் நேயரை வாடிக்கையாளராக மதித்து நடத்தும் வானொலி நாடு முழுவதும் கேட்டது அப்போதுதான்.

இதற்குள் தெப்ராவே மாறியிருந்தது. ரப்பர் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மவுண்ட் ஆஸ்டின் என்பது இப்போது தோட்டத்தின் பெயரல்ல, தாமானின் பெயர். தெப்ராவ் நெடுஞ்சாலையின் இருபுறமும் பேரங்காடிகள். 2017 நவம்பரில் ஐகியா கடையும் திறந்தது. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். திண்ணையில் கூடிக் கேட்ட வானொலி காருக்குள்ளும் காதொலிக் கருவிக்குள்ளும் போய்விட்டது. போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றொன்று என்று இரண்டு நாட்டுத் தமிழ் அறிவிப்பாளர்களின் குரலும் ஒரே நாளில் பழகியவர்கள் இவர்கள்.

கால்டிகாட் குன்றிலிருந்த சிங்கப்பூர் ஒலிபரப்பு நிலையமும் 2010களில் புதிய வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. மின்னலும் ராகாவும் கோலாலம்பூர் வட்டாரத்திலிருந்து ஒலிக்கின்றன, ஒலி 96.8 சிங்கப்பூரிலிருந்து. 1921இல் மலாயாவின் முதல் வானொலிக் கருவி வந்த ஜொகூரில், அலைவரிசை ஒதுக்கீடு பெற்ற முழுநேரத் தமிழ் வானொலி எதற்கும் இன்றுவரை தலைமை நிலையம் இல்லை.

(தொடரும்)